பாசி எடுக்கும் பெண்களின் உரிமை

இராமேசுவரம் தீவைப் பற்றி நமது அரசியல் மேடைகளில் பேச்சு எழும்பொழுதெல்லாம் மூன்று விஷயங்களே அடிபடுகின்றன. கோயில் ஒன்று, இலங்கைக் கடற்படையினர் சிறைபிடிக்கும் மீனவர்களின் கதி மற்றொன்று, பாம்பன் பாலம் மூன்றாவது. 1914-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலம் தள்ளாமை எய்திவிட்டதால், அதனருகே புதிய பாலம் எழுப்பப்பெற்று 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்து வைக்கப்பட்டது. 1964-ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடியையும் அதற்குச் சென்ற இருப்புப்பாதையையும் ஒருசேரப் பறிகொடுத்த தீவுக்கு நல்ல பாலம் வேண்டும் என்பதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. ஆயின், அந்தப் பாலத்துக்கு அதிக தூரமில்லாத நீர்ப்பரப்பிலே, இடுப்பளவு ஜலத்திலும் கழுத்தளவு ஜலத்திலும் இறங்கி, மூச்சடக்கி மூழ்கி, பாறைகளிற் படர்ந்த பாசியைக் கையாற் பறித்து ஜீவனம் செய்யும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். தீவின் முன்னேற்றத்தைக் குறித்து நடக்கும் பிரசங்கங்களில் அவர்கள் நினைவு எழுவதேயில்லை. இன்று நாம் அவர்களைப் பற்றியே எழுத விரும்புகிறோம்.

அத்தீவில் அக்காள்மடம் என்று ஓர் ஊரும் தங்கச்சிமடம் என்று ஓர் ஊரும் உண்டு. ஊர்ப் பெயரில் சகோதரிகளுக்கு இடம் கொடுத்த நாம், கடலில் அவர்களுக்கு என்ன இடம் கொடுத்தோம் என்பதே கேள்வி.

வாசகர்களிற் பலர் இத்தொழிலை நேரிற் கண்டிரார். பாம்பன், சின்னப்பாலம், ஓலைக்குடா முதலிய இடங்களிலும், தீவுக்கு எதிரேயுள்ள இராமநாதபுரம் கரையிலுள்ள குப்பங்களிலும், பாட்டி, தாய், மகள் என்று தலைமுறை தலைமுறையாய்ப் பெண்கள் கடலில் இறங்கி வருகின்றனர். கரையோரத்தில் முன்போல் பாசி கிடைப்பதில்லை. ஆகையால் விடியற்காலையில் பத்துப் பேர், பதினைந்து பேர் சேர்ந்து படகுக்குக் கூலி கொடுத்துத் தீவுத் திட்டுக்களை நோக்கிச் செல்கின்றனர். சேலைக்குமேல் ஆண்பிள்ளைச் சட்டை, காலில் இரப்பர்ச் செருப்பு, கண்ணுக்கு ஒரு கண்ணாடி, விரல்களில் கிழிந்த துணியைச் சுற்றிக் கட்டு, இடுப்பில் வலைப்பை. இவ்வளவே அவர்களுடைய கருவிகள். பவளப்பாறையின் முனை கிழிக்கும். கடல் முள்ளெலி குத்தும். சொறி மீன் பட்ட இடம் தீப்பட்டதுபோல் எரியும். உப்பு நீரில் ஊறிய புண் ஆறுமுன்னே மறுபடியும் இறங்கவேண்டும். பறித்ததைக் கரையில் உலர்த்தி வியாபாரிக்கு எடை போட்டுக் கொடுத்தால் அன்றையப் பாட்டுக்கு வழியுண்டு.

அவர்கள் எடுப்பது களையன்று. மரிக்கொழுந்துப் பாசி என்று அவர்கள் அழகாகப் பெயரிட்டிருக்கும் பாசியிலிருந்தும், கஞ்சிப்பாசியிலிருந்தும் அகார் என்னும் பொருள் எடுக்கப்படுகிறது. வைத்தியசாலைகளில் நோய்க்கிருமிகளை வளர்த்து ஆராய்வதற்கும், மிட்டாய் வகைகளுக்கும் அது இன்றியமையாதது. கட்டக்கோரை என்னும் பாசி துணிக்குச் சாயம் ஏற்றும் தொழிலுக்குரிய பசையைத் தருகிறது. அகாரின் அருமை நமக்குத் தெரியவந்ததே ஒரு நெருக்கடியில்தான். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான் எதிரி நாடாகி, அங்கிருந்து வந்துகொண்டிருந்த சரக்கு நின்றுபோகவே, ஆஸ்பத்திரிகளும் ஆராய்ச்சிக்கூடங்களும் திண்டாடின. அப்பொழுதுதான் நம் நாட்டு விஞ்ஞானிகள் நம் கடற்கரைப் பாசியைத் திரும்பிப் பார்த்தனர். பிற்காலத்தில் மதுரையில் அகார் தொழிற்சாலைகள் பல எழுந்தன. அவை மூலப்பொருளைக் கடலில் மூழ்கி எடுத்துவரும் பெண்ணின் கையை நம்பியே தொழில் தொடங்கின. ஒரு சுதேசிக் கைத்தொழில் இவ்வாறு அவர்கள் முதுகின்மேல் ஏறி நின்றது. தொழிலுக்குரிய முதலாளியைச் சர்க்கார் அறியும். வியாபாரியை வரி இலாகா அறியும். மூழ்கி எடுப்பவளை அறிந்தவர் யார்?

மீனவர் என்ற சொல்லைக் கேட்டவுடன் நமது மனம் ஓர் ஆடவனையே கற்பனை செய்கிறது. நம் சட்டமும் அப்படியே கற்பனை செய்தது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் படகை மையமாய் வைத்து எழுதப்பட்டது. எந்தப் படகு எங்கே போகலாம், எந்தப் படகுக்கு லைசென்ஸ், எந்தப் படகு ரிஜிஸ்டரில் ஏறவேண்டும் என்பதே அதன் கவலை. தன் இரு கைகளும் இரு கால்களும் தவிர வேறு கலமில்லாதவள் அச்சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படமாட்டாள். புலப்படாதவர்க்கு உரிமையும் இல்லை என்பது நம் கச்சேரிகளின் பழைய நியாயம்.

ஒரு சட்டம் அவளைக் காணவில்லை. மற்றொரு சட்டம் நன்றாகவே கண்டது. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே குருசடை, பூமரிச்சான், மனோலி, முயல் தீவு, அப்பா தீவு, நல்லதண்ணி என்று மனிதர் வசிக்காத 21 தீவுகள் உள்ளன. இத்தீவுகளையும் சூழ்ந்த ஆழமற்ற கடலையும் சேர்த்து, 560 சதுர கிலோமீட்டர் பரப்பை, 1986-ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாகச் சர்க்கார் பிரகடனம் செய்தது. 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி பூங்காவுக்குள் அனுமதியின்றிப் புகுவதும், எதையும் எடுப்பதும் குற்றம். நீரில் வளரும் செடிகொடிகளும் அச்சட்டத்தின் பொருளில் வன உயிரிற் சேர்ந்தவையே. பல ஆண்டுகள் இப்பிரகடனம் காகிதத்திலேயே கிடந்தது. இந்நூற்றாண்டில் கண்டிப்பு ஏறியது. பாட்டி காலமுதல் எடுத்துவந்த பாசியை எடுத்தவள் ஒரு நாள் காலையில் விழித்தெழுந்தபொழுது குற்றவாளியாகிவிட்டாள்.

பூங்கா கூடாது என்று நாம் வாதாட வரவில்லை. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகள் மீனுக்கும் மற்ற உயிர்களுக்கும் தொட்டில் போன்றவை. அவற்றைச் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டி எடுத்ததன் பலனை அப்பிரதேசம் இன்றும் அனுபவிக்கிறது. தீவுகளில் இரண்டு நீரில் ஆழ்ந்தே போயின. காவல் வேண்டியதுதான். ஆனால், பாறையைப் பாளம் பாளமாகப் பெயர்த்தவர்களையும், அடிமட்டத்தைச் சுரண்டிச் செல்லும் இழுவலைக்காரரையும், கையால் பாசி பறிப்பவளையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகுமா? இழுவலைப் படகுக்குச் சர்க்கார் லைசென்ஸ் தருகிறது. இவளுக்குத் தருவது விரட்டு.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். பெண்கள் முன்பு இரும்புச் சுரண்டியைக் கொண்டு பாறையைத் தேய்த்துப் பாசி எடுத்ததுண்டு. அதனாற் பாசியின் வேரும் பாறையும் சேதமாயின என்பது உண்மையே. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் அதைத் திருத்தியவர்கள் யார்? பெண்களே. அவர்கள் ஊர்தோறும் கூடிப் பேசிச் சங்கம் அமைத்தனர். சுரண்டியைக் கீழே போட்டனர். துணி சுற்றிய விரலாலேயே எடுப்பது என்று முடிவு செய்தனர். மாதத்தில் பன்னிரண்டு நாளுக்கு மேல் கடலில் இறங்குவதில்லை என்று தமக்குத் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொண்டனர். அன்றாடம் கூலி வந்தால்தான் அடுப்பு எரியும் நிலையிலுள்ளவர்கள், பாசி மறுபடி தழைக்கவேண்டும் என்பதற்காக மாதத்தில் பாதிக்கு மேற்பட்ட நாட்களைத் துறந்தனர் என்பதை நமது வாசகர்கள் ஊன்றி நினைக்கவேண்டும். இச்சங்கத்துக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமி அம்மாளுக்கு, உலகெங்குமுள்ள தீவுகளின் பாதுகாப்புக்கென்றே அமெரிக்காவில் இயங்கும் சீகாலஜி என்னும் ஸ்தாபனம் 2015-ஆம் ஆண்டில் 10,000 டாலர் பரிசு அளித்துக் கௌரவித்தது. அமெரிக்கர் அவரைக் கடலின் காவலர் என்று அழைத்துப் பரிசளிக்க, இங்கே அவரைப் போன்றவர்கள் காவலரின் படகைக் கண்டு ஒதுங்கிப் போகவேண்டியிருந்தது. தன் வீட்டுப் பெண்ணின் அருமை பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பது நமது தலையெழுத்துப் போலும்!

இத்தனைக்கும், இப்பெண்களின் நலனுக்கென்று சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறமுடியாது. கடலிலிருந்து பாசியைப் பறிப்பதற்குப் பதிலாகக் கடலிலேயே பாசியைப் பயிரிடலாம் என்ற யோசனை வந்தது. கப்பாபைகஸ் என்று சொல்லப்படும் வெளிநாட்டுப் பாசியின் விதையைப் பாவநகரிலுள்ள மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையத்தார் தருவித்து, மண்டபத்தில் சோதனை செய்து பார்த்தனர். பிலிப்பைன் தீவுகள் பக்கத்தில் பிறந்த பாசி அது. பற்பசைக்கும் ஐஸ்கிரீமுக்கும் வேண்டிய பொருள் அதிலிருந்து கிடைக்கிறது. பெப்ஸி கம்பெனி இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உரிமம் பெற்றுப் பாக் ஜலசந்திக் கரையில் பெண்கள் குழுக்களைக்கொண்டு பயிரிடத் தொடங்கியது. பின்னர் 2008-ஆம் ஆண்டில் அத்தொழில் வேறொரு கம்பெனியின் கைக்கு மாறியது. பன்னிரண்டடிச் சதுரமான மூங்கில் மிதவையில் கயிறுகளைக் கட்டி, அவற்றில் விதைப்பாசியை முடிந்து கடலில் மிதக்கவிட்டால், நாற்பத்தைந்து நாளில் அது நாலு மடங்காய்ப் பெருகுகிறது. அறுத்து உலர்த்திக் கம்பெனிக்குக் கொடுக்கவேண்டும்.

ஓலைக்குடா, சம்பை, மாங்காடு முதலிய ஊர்களில் இத்தொழில் பரவிற்று. பவளப்பாறையில் கால் கிழியாமல், கரையருகே நின்றபடி செய்யக்கூடிய வேலை. கூலியும் முன்னிலும் மேல். பல குடும்பங்கள் கடனடைத்தன. பெண் குழந்தைகள் பள்ளிக்குச் சென்றனர். இதையெல்லாம் நாம் மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆயினும் இதன் அடிப்படையை ஆராயவேண்டும். விதை கம்பெனியினுடையது, விலை கம்பெனி சொல்வது, வாங்குவதும் கம்பெனியே. உழைப்பும் அபாயமும் மட்டுமே பெண்களுடையவை. 2013-ஆம் ஆண்டில் கடல் நீரின் சூடு ஏறியபொழுது மிதவைகளிலிருந்த பாசி நோய்வாய்ப்பட்டுக் கூட்டங் கூட்டமாய் அழிந்தது. அதற்கு முந்திய ஆண்டில் உலர்ந்த பாசி சுமார் 1,500 டன் விளைந்த இடத்தில், விளைச்சல் சரிந்து தேய்ந்தது. வயலில் நெல் காய்ந்தால் தாசில்தார் வந்து பார்த்துக் கணக்கெழுதிப் போவார். கடலில் பயிர் வெந்தால் அளந்து கணக்கெழுத அங்கே பட்டா ஏது, அடங்கல் ஏது? பெண்களிற் பலர் மறுபடியும் பழைய பாறைகளுக்கே திரும்பினர்.

அதோடு போயிற்றா? எந்தப் பவளப்பாறையைக் காப்பதற்காகப் பெண்கள் விரட்டப்பட்டார்களோ, அதே பாறையின்மேல், குருசடைத் தீவருகே, இந்த அந்நியப் பாசி படர்ந்து பவளத்தை மூடி மூச்சடைக்கச் செய்கிறது என்று 2008-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகளே எழுதினர். 2005-ஆம் ஆண்டிலேயே, பூங்காப் பகுதியில் இதைப் பயிரிடலாகாது என்று தமிழ்நாட்டுச் சர்க்கார் உத்தரவிட்டிருந்தது. கடலுக்கு உத்தரவு வாசிக்கத் தெரியாதே! அந்நியப் பாசி புகுந்ததற்கு ஒருவரும் கூண்டில் ஏறவில்லை. நாட்டுப் பாசியை எடுத்ததற்கே குற்றம் சாட்டப்படுகிறது.

இப்பொழுது தில்லி சர்க்காருக்குப் பாசியின்மீது பெரிய மோகம் பிறந்திருக்கிறது. 2020-ஆம் ஆண்டில் தொடங்கிய மீன்வளத் திட்டத்தில் பாசிக்கென்று 640 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2025-க்குள் ஆண்டுக்குப் பதினொரு லட்சம் டன்னுக்கு மேல் விளைவிப்பது என்று இலக்கும் குறிக்கப்பட்டது. நாட்டின் விளைச்சல் அதன் பக்கத்திற்கூட எட்டவில்லை. இராமநாதபுரம் ஜில்லா வலமாவூரில் சுமார் 127 கோடி ரூபாயில் பாசிப் பூங்கா ஒன்று அமைக்க 2023-ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. மிதவை வாங்கும் பெண்ணுக்கு நூற்றுக்கு அறுபது வீதம் மானியம் உண்டு; ஆடவருக்கு நாற்பது. இந்த வித்தியாசத்தை நாம் பாராட்டுகிறோம். ஆனால் மானியம் என்பது கையில் ஒரு பொருளைக் கொடுப்பது. பாத்தியதை என்பது காலடியில் ஓர் இடத்தைக் கொடுப்பது. மூங்கிலுக்கு மானியம் பெற்றவள், அந்த மூங்கில் மிதக்கும் கடலில் தனக்குப் பாத்தியதை உண்டா என்று கேட்டால், அதற்கு ஒரு சட்டத்திலும் பதில் இல்லை. நாளை பெரிய கம்பெனி ஒன்று இயந்திரங்களுடன் வந்து மைல் கணக்கில் கடலைக் குத்தகை கேட்டால், சர்க்கார் யாரைக் கேட்டு முடிவு செய்யும்? விளைச்சலைப் பதினொரு லட்சம் டன்னாக்கவேண்டும் என்ற அவசரத்தில் இருப்பவர்கள், பன்னிரண்டு நாள் விரதம் பூண்ட பெண்களிடம் யோசனை கேட்பார்கள் என்று நம்புவதற்கு நமக்கு ஆதாரம் தென்படவில்லை.

இவ்விடத்தில் நமது வாசகர்களுக்கு வேறொரு தீவின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். பாம்பன் பெண்களைப் போலவே மூச்சடக்கி மூழ்கிச் சிப்பியும் பாசியும் எடுக்கும் பெண்கள் கொரியா தேசத்தின் தெற்கேயுள்ள ஜேஜு தீவில் இருக்கின்றனர். ஹேன்யோ, அதாவது கடற்பெண்கள், என்பது அவர்கள் பெயர். கொரியாவை ஜப்பானியர் அடிமைப்படுத்தியிருந்த காலத்தில், இப்பெண்களின் பெயராலேயே ஒரு கூட்டுறவுச் சங்கம் நடந்தது. அதன் தலைவர் யார் தெரியுமா? தீவை ஆண்ட ஜப்பானிய அதிகாரியே! சங்கம் வியாபாரிகளுடன் கைகோத்துப் பெண்களின் பாசிக்கும் சிப்பிக்கும் அடிமாட்டு விலை வைத்தது. 1932-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், செஹ்வா என்னும் சந்தை ஊரில், மூழ்கும் உடையுடனும் கையிற் பாசி அரிவாளுடனும் பெண்கள் நூற்றுக்கணக்காய்த் திரண்டனர். சுற்றுப்பயணம் வந்த அந்த அதிகாரியின் மோட்டாரை வளைத்துக்கொண்டு நியாயம் கேட்டனர். அவன் வாக்களித்துவிட்டுப் போனான். பிறகு போலீஸை அனுப்பிப் பெண்களைச் சிறையிலடைத்தான். கொரிய சுதந்தரப் போரின் வரலாற்றில் பெண்கள் முன்னின்று நடத்திய பெருங்கிளர்ச்சிகளில் அது ஒன்றாய் இன்றும் கொண்டாடப்படுகிறது. நம் நாட்டில் உப்புக்காகக் கடற்கரையில் அடிபட்டு இரண்டாண்டுகள் கழியுமுன், அங்கே பாசிக்காகப் பெண்கள் அடிபட்டனர்.

விடுதலை பெற்ற கொரியாவில் அவர்களுடைய நிலை யாது? கரையோரக் கடல் ஊர்தோறும் பிரிக்கப்பட்டு, அந்தந்த ஊரின் மீனவர் சங்கத்துக்குப் பாத்தியதையாய் இருக்கிறது. அந்த எல்லைக்குள் என்று மூழ்கலாம், எந்தப் பருவத்தில் எதைத் தொடலாகாது என்பதையெல்லாம் கடற்பெண்கள் தாமே கூடித் தீர்மானிக்கின்றனர். அவர்களுடைய வைத்தியச் செலவை ஏற்றுக்கொள்ளத் தீவின் சர்க்கார் ஏற்பாடு செய்திருக்கிறது. 2016-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் கல்விக் கலாசார ஸ்தாபனம் அவர்களுடைய கலையை மனிதகுலத்தின் பாரம்பரியம் என்று பதிவு செய்தது. எல்லாம் இன்பமயம் என்று நாம் சொல்லவில்லை. ஒரு காலத்தில் இருபதினாயிரத்துக்கு மேல் இருந்தவர்கள் இன்று மூவாயிரத்துக்கும் குறைந்துவிட்டனர். அவர்களிலும் பெரும்பாலோர் அறுபது வயது கடந்தவர்கள். இளம்பெண்கள் படித்து நகரங்களில் வேறு தொழிலுக்குச் சென்றனர். அது அவர்களாகத் தேர்ந்தெடுத்த வழி. யாரும் விரட்டி விடவில்லை. பாம்பனில் கடலை விட்டுப் போவதும் கடலில் நிற்பதும் அந்தப் பெண்ணின் இஷ்டப்படி நடக்கவில்லை என்பதுதான் வேற்றுமை.

‘இந்தக் கஷ்டமான தொழில் எதற்கு? அப்பெண்களுக்கு வேறு வேலை கொடுத்துவிடலாமே’ என்று இரக்கமுள்ள சிலர் சொல்லுகின்றனர். இவர்களுடைய நல்லெண்ணத்தை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் வேறு வேலை என்றதும் நமது உத்தியோகஸ்தர்களுக்குத் தோன்றுவது தையல் இயந்திரமும் ஊறுகாய்ப் பானையுமே! கடலின் நீரோட்டத்தையும், காற்றின் திசையையும், எந்தப் பாறையில் எந்தப் பாசி எப்பொழுது தழைக்கும் என்பதையும் ஏட்டில் எழுதாமலே கற்றுத் தேர்ந்தவளைத் திண்ணையில் உட்காரவைத்து மாங்காய் நறுக்கச் சொல்வது அவளுக்கு உதவியாகுமா? ஆடவனாகிய மீனவனை நோக்கி, ‘கடல் அபாயம், நீ தையல் பழகு’ என்று யாரும் சொல்லத் துணிவதில்லை.

கதர் இயக்கத்தில் உழைத்தவர்களின் மரபில் வந்தவர்கள் நமது வாசகர்களிற் பலர் உண்டு. அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுகிறோம். நூற்கும் பெண்ணுக்கு வேலை கிடைத்தாற் போதும் என்று எண்ணியிருந்த காலத்தில், 1935-ஆம் ஆண்டில், காந்தியடிகள் குறுக்கிட்டு, நூற்பவளுக்கு ஜீவனத்துக்குப் போதிய கூலி கொடாத கதர் வேண்டாம் என்று சர்க்கா சங்கத்தைத் திருப்பினார். கதர் விலை ஏறும், விற்பனை குறையும் என்று பலர் அஞ்சினர். அடிகள் அசையவில்லை. தஞ்சாவூரிற் பிறந்த குமரப்பா, மூலப்பொருள் விளையும் இடத்திலேயே அது பண்டமாகவும் ஆகவேண்டும் என்று தம் ஆயுள் முழுதும் வாதாடினார். இவ்விரண்டு கொள்கைகளையும் பாசிக்குப் பொருத்திப் பாருங்கள். மரிக்கொழுந்துப் பாசி பாம்பனில் உலர்ந்து மூட்டையாகி மதுரைக்குப் போகிறது. அகாராகிய பிறகே அதற்கு மதிப்பு ஏறுகிறது. ஏறிய மதிப்பில் பாம்பனுக்குத் திரும்பி வருவது எவ்வளவு? எடை போடும்போது ஈரத்துக்கென்றும் மணலுக்கென்றும் எவ்வளவு கழிப்பது என்பதை யார் தீர்மானிக்கிறார்? மன்னார் வளைகுடாவின் முத்துச் சலாபத்தில், அந்நியன் ஆண்ட காலத்திற்கூட, முத்துக் குளித்தவனுக்கு எடுத்த சிப்பியில் ஒரு பங்கு உரிமையாய்ச் சேர்ந்தது. அவனுக்கு இருந்த பங்கு, சுயராஜ்யத்தில் பாசி குளிப்பவளுக்கு இல்லை.

வலமாவூர்ப் பூங்காவில் பாசியைப் பக்குவம் செய்யும் சாலைகள் அமையுமாயின், அவற்றின் சொந்தக்காரர்களில் பாசி எடுக்கும் பெண்களின் சங்கங்கள் முதலிடம் பெறவேண்டும். வெறும் கூலிகளாக அவர்களை வாயிலில் நிறுத்திவிட்டு, அதற்குப் பிரதேச அபிவிருத்தி என்று பெயரிடுவதை நாம் ஏற்கமாட்டோம். மீன்பிடித் தடைக்காலத்தில் மீனவர் குடும்பத்துக்குத் தரும் நிவாரணத்தை 2023-ஆம் ஆண்டில் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாகத் தமிழ்நாட்டுச் சர்க்கார் அறிவித்தது, நல்ல காரியம். கடலைக் காப்பதற்காகத் தாமே மாதந்தோறும் ஓய்வு கொடுக்கும் பெண்களுக்கு, அவர்கள் பெயரிலேயே, புருஷன் பெயரில் அல்ல, அந்த ஓய்வு நாட்களுக்கு ஒரு தொகை கொடுப்பது பொக்கிஷத்துக்குப் பாரமாகிவிடாது. வனக் காவலர் படகுக்கு எரிக்கும் எண்ணெயை விட இது பவளப்பாறையை நன்றாகக் காக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

இவையெல்லாவற்றிலும் அடிப்படையானது கடலின்மீதுள்ள உரிமை. அதற்குப் புதிய சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டும் என்பதில்லை. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேசியப் பூங்காக்களையும் வன நிலம் என்ற சொல்லிலேயே அடக்கியிருக்கிறது. நீர்நிலைகளிலுள்ள மீனையும் மற்ற விளைபொருள்களையும் அனுபவிக்கும் சமுதாய உரிமையை அது ஒப்புக்கொள்ளுகிறது. மணமானவர்களாயின் பாத்தியப் பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவாகவேண்டும் என்றும் விதிக்கிறது. மூன்று தலைமுறையாக அவ்விடத்தை அண்டி வாழ்ந்தவர்கள் என்பதை மெய்ப்பிக்கவேண்டும் என்ற நிபந்தனை கடினமானதுதான். கடல் எப்படி ஐயா வனமாகும் என்று சட்டம் கற்றவர் எவரேனும் சிரிக்கவும் கூடும். அவர்களுக்கு நமது பதில் ஒன்றே. பாசி பறித்தவளைத் தண்டிக்கும்பொழுது கடல் வனமாகிறதென்றால், அவளுக்கு உரிமை வழங்கும்பொழுதும் அது வனமாகவே இருக்கட்டும்.

இச்சட்டப்படி உரிமை கோரும் மனு கிராம சபையிலிருந்தே கிளம்பவேண்டும். இராமநாதபுரம் ஜில்லாவில் தொண்டு புரியும் நமது தேச ஊழியர்கள் இவ்வேலையைக் கையில் எடுக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறோம். பாம்பனும் தங்கச்சிமடமும் ஊராட்சிகள்; ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் அங்கே கிராம சபை கூடியே தீரவேண்டும். யார் யார் எத்தனை ஆண்டுகளாகப் பாசி எடுக்கிறார்கள், எந்தத் திட்டில் எடுக்கிறார்கள் என்று பாட்டிமாரைக் கேட்டு எழுதி வைப்பது முதல் வேலை. வந்திருப்போரில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாய் இல்லாவிடில் வன உரிமைச் சட்ட விதிப்படி அச்சபையின் தீர்மானம் செல்லாது. ஆகையால் கூட்டத்தைக் காலையில் வைக்கலாகாது. காலையில் அவர்கள் கடலில் இருப்பார்கள்.